ஐம்பத்திரண்டாவது எபிசோட்

எங்கள் குடும்பத்தில் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. நீச்சல். அவ்வளவுதான். கல்யாண வீடானாலும் சரி, ஆஸ்பத்திரி வாசலானாலும் சரி, நீச்சல் வந்தாச்சா என்றுதான் கேட்பார்கள். எனக்கோ முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கவே பயம். ஒரு டிவி தொடரின் கடைசி எபிசோடைப் பதிந்து வைக்கச் சொன்னால், டிவியில் ஒரு சேனலும் ரெக்கார்டரில் இன்னொரு சேனலுமாக வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் நீச்சல் போட்டியைப் பதிந்து வைத்த புத்திசாலி நான். அதனால் வந்த பட்டம். என் கணவர் பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிற மனுஷர், சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேச மாட்டார். அவர்கூடப் புதிதாக யார் வந்தாலும் இந்தக் கதையை மட்டும் விலாவாரியாகச் சொல்லிவிட்டுத்தான் ஓய்வார். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

சிரிக்காமல் என்ன செய்வது? அந்தப் பட்டத்துக்குப் பின்னால்தானே நான் ஒளிந்துகொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால், நான் தப்பாகப் பதியவில்லை. சரியாகத்தான் பதிந்தேன். முதல் காட்சியிலிருந்து கடைசிப் பெயர்ப்பட்டியல் வரைக்கும், நடுவில் விளம்பரம் வந்தபோதெல்லாம் நிறுத்தி நிறுத்தி, சுத்தமாகப் பதிந்தேன். மறுநாள் நானே அதன்மேல் நீச்சலைப் பதிந்து அழித்தேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. அக்காவுக்கு இருபத்தெட்டு. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அக்கா ஒரு பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். அத்தான் குடிக்கிறவர் இல்லை, அடிக்கிறவர் இல்லை. பூட்டுகிறவர். சர்க்கரை, எண்ணெய், சோப்பு எல்லாம் அலமாரிக்குள், சாவி அவர் இடுப்பில். குளிக்கப் போவதற்கு முன்னால் அக்கா அவரிடம் போய் நின்று சோப்பு கேட்க வேண்டும். கேட்ட விதம் பிடிக்கவில்லை என்றால் ஒரு மாதம் பேச மாட்டார். சாவிக்கொத்து என்று அவருக்கு நான்தான் பேர் வைத்தேன். அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாள் முழுக்க ஊராரின் குரலை ஊராருக்கு இணைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அந்த மௌனத்தில் உட்கார்ந்திருப்பாள். முடியவில்லை, வந்துவிட்டாள்.

வந்த அந்த ஆறு மாதமும் வாரம் தவறாமல் நாங்கள் பார்த்தது அந்தத் தொடர்தான். அச்சகம் வைத்திருக்கிற ஒரு அப்பா, அவருடைய மூன்று பெண்கள். முப்பத்தோராவது எபிசோடில் மூத்தவள் புருஷனை விட்டுவிட்டுப் பெட்டியோடு வீட்டு வாசலில் வந்து நிற்பாள். அதைப் பார்த்தபோது எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. அதற்குப் பிறகு அது தொடராக இல்லை, எங்கள் வீட்டு வழக்காக ஆகிவிட்டது. அக்காவிடம் நேராகச் சொல்ல முடியாததையெல்லாம் அம்மா டிவியைப் பார்த்துச் சொல்லுவாள். அக்காவும் டிவிக்கே பதில் சொல்லுவாள்.

கடைசி எபிசோடுக்கு முந்தின வாரம் இரண்டு பேருக்கும் வாக்குவாதம் முற்றிவிட்டது. பாரு, அவ கடைசியில புருஷன்கிட்டதான் போவா என்று அம்மா சொன்னாள். அவ போனா நானும் போறேன், போகலேன்னா என்னைப் போன்னு நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, சம்மதமா என்றாள் அக்கா. சம்மதம் என்று அம்மா கையை நீட்டினாள். அக்கா அதில் அடித்துச் சத்தியம் செய்தாள். வேடிக்கைக்குத்தான் தொடங்கியது. ஆனால் எங்கள் அம்மா ஒரு வார்த்தை கொடுத்தால் கொடுத்ததுதான் என்று எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

அந்த வாரம் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். அம்மாவும் அக்காவும் ஆஸ்பத்திரியில் தங்க, பதிகிற வேலை எனக்கு வந்தது. ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். மூத்தவள் போகவில்லை. இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு என்னைக் காறித் துப்பினாலும் துப்புங்கள். எனக்கு ஒரு வரன் வந்திருந்தது. இதே டிப்போக்காரர்தான். பிடித்திருந்தது. அவருடைய அம்மா, மூத்த பெண் ஏன் பிறந்த வீட்டிலேயே இருக்கிறாள், அது ஒரு முடிவுக்கு வரட்டும், பிறகு பேசலாம் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

காலையில் சித்தப்பாவை ஆஸ்பத்திரியில் உட்கார வைத்துவிட்டு அம்மாவும் அக்காவும் வந்தார்கள். அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. என்ன ஆச்சு, சொல்லு, அம்மாவும் கேக்கட்டும் என்றாள். போயிட்டாக்கா, புருஷன் கார் கொண்டு வந்தான், ஏறிப் போயிட்டா என்று சொன்னேன். அவ்வளவு சுலபமாக வந்தது. அம்மா அடுப்படிக்குப் போனாள். டேப் எடுத்தியா என்று கேட்டாள் அக்கா. எடுத்தேன் என்றேன். முழு ராத்திரியும் கண் விழித்தவள், போய்ப் படுத்தாள். அவள் எழுந்திருப்பதற்குள் டிவியில் அந்த நேரத்துக்கு என்ன ஓடிக்கொண்டிருந்ததோ அதை அந்த டேப்பில் ஏற்றினேன். தொப்பி போட்ட ஆட்கள் வரிசையாக நின்று தண்ணீரில் குதித்தார்கள். குதிக்கட்டும் என்று விட்டேன்.

நாலாம் நாள் அக்கா போனாள். இருபத்தெட்டு வருஷம் சோப்பு கேட்டுக் குளித்தாள். ஒரு பையன் பிறந்தான், படித்தான், தூர தேசத்துக்கு வேலைக்குப் போனான். எனக்கு மூன்று மாதத்தில் கல்யாணம். அப்பா அம்மாவை நான்தான் கடைசி வரை வைத்துப் பார்த்தேன், அதனால் இந்த வீடும் எனக்கே வந்தது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல வாழ்க்கை. அது என் தொண்டையில் இறங்காத நாட்களும் உண்டு.

போன வருஷக் கடைசியில் சாவிக்கொத்து மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். மூன்றாம் மாதம் ஒரு காலையில் வாசலில் வண்டி நின்றது. அக்கா இரண்டு பெட்டியோடு இறங்கினாள். போன் இல்லை, முன்னறிவிப்பு இல்லை. நேராகப் பின்னறைக்குப் போய், என் தையல் மெஷினை ஓரமாக நகர்த்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் ஆயுசில் அவ்வளவு சந்தோஷப்பட்டது இல்லை. அவளும் நானும் சேர்ந்து காய் நறுக்குவோம், என் கணவரின் குறட்டையைக் கேலி செய்வோம், அவள் தலைக்கு நான் சாயம் பூசிவிடுவேன். குளியலறைக்குப் போனால் அவள் ஒரு மணி நேரம் வெளியே வர மாட்டாள். வாரத்துக்கு இரண்டு சோப்பு தீர்ந்தது. தீரட்டும் என்று டஜன் கணக்கில் வாங்கிப் போட்டேன்.

ஒருநாள் கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து வந்தேன். மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துப் பொருத்துவது என் வேலை. கூடத்து மேஜை மேல் ஒரு அட்டைப்பெட்டி. அட்டையில் அந்த அச்சகத்து அப்பாவும் மூன்று பெண்களும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். பையன் அனுப்பினான், நம்ம தொடர் முழுக்க டிஸ்க்கா வந்துடுச்சாம் என்றாள் அக்கா. எட்டு வட்டு, ஐம்பத்திரண்டு எபிசோட். என் கணவருக்கோ ஒரே குஷி. பரணிலிருந்து டிவிடி பிளேயரை இறக்கித் துடைத்து மாட்டினார். நீச்சல், இந்தத் தடவை நீ எதையும் தொடாதே என்றார்.

தினமும் சாயங்காலம் இரண்டு எபிசோட் என்று அக்கா கணக்கு வைத்தாள். இருபத்தாறு நாள். நானும் கணக்கு வைத்தேன். மற்றவர்கள் பழைய சட்டை டிசைனைப் பார்த்துச் சிரிப்பார்கள், நான் வட்டுகளை எண்ணுவேன். முதல் வட்டு தீர்ந்தது, இரண்டாவது தீர்ந்தது. தலைவலி என்று ஒரு நாள் தள்ளினேன். உறவுக்காரர்களை வரவழைத்து இரண்டு நாள் தள்ளினேன். வேறு நல்ல படம் போடலாமே என்று நான் சொன்னபோது, கதை முடியட்டும் என்றாள் அக்கா. முப்பத்தோராவது எபிசோடில் மூத்தவள் பெட்டியோடு வந்து நின்றாள். நான் டீ போடுகிற சாக்கில் எழுந்து போனேன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தால், அக்கா திரையைப் பார்க்கவில்லை. என் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்லிவிட வேண்டியதுதான் என்று எத்தனை தடவை வாயைத் திறந்தேன் தெரியுமா. இத்தனை வருஷம் கழித்து அவள் திரும்பி வந்திருக்கிறாள். இது தெரிந்தால் அந்த இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய்விடுவாள், செத்தாலும் என் முகத்தில் விழிக்க மாட்டாள். என்ன கெட்டுப்போச்சு, நான் அன்றைக்குப் பொய் சொல்லாவிட்டால் அந்தப் பையன் பிறந்திருப்பானா என்று எனக்கு நானே சப்பைக்கட்டுக் கட்டிக்கொள்வேன். அந்தக் கட்டு அரை மணி நேரம்கூடத் தாங்காது.

கடைசி வட்டில் மூன்றே எபிசோட்கள். சனிக்கிழமை காலையில் அதை லென்ஸ் துடைக்கிற துணியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். மத்தியானம் முதலாளி சாப்பிடப் போனார். வட்டு உள்வட்டத்திலிருந்து வெளியே ஓடும், கடைசியில் இருப்பது விளிம்பில் இருக்கும் என்று பக்கத்து வீடியோ கடைக்காரர் எப்போதோ சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. வேண்டாததெல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கும் எனக்கு. மிக நைசான உப்புத்தாளை எடுத்து, பதிவு முடிகிற விளிம்பில் ஒரு நெல் அகலத்துக்கு, சுற்றுவாக்கில் மெதுவாகத் தேய்த்தேன். லென்ஸில் ஒரு கீறல் விழுந்தால் நாலு தடவை மன்னிப்புக் கேட்கிறவள் நான். அன்றைக்குக் கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அதுதான் எனக்கே பயமாக இருந்தது. சாயங்காலம் வட்டை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கணவருக்கு டிப்போவில் டியூட்டி. நாங்கள் இரண்டு பேர் மட்டும். இன்னைக்கே முடிச்சிடலாம் என்று அக்கா வட்டைப் போட்டாள். ஐம்பது ஓடியது. ஐம்பத்தொன்று ஓடியது. நான் ஒரு துவாலையை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். ஐம்பத்திரண்டில் அச்சகத்து அப்பா மெஷினுக்கு எண்ணெய் விட்டார், அந்த வீட்டு அம்மா துணி உலர்த்தினாள். இன்னும் ஒன்றும் ஆகவில்லை. சரியாகத் தேய்க்கவில்லையோ என்று எனக்கு வியர்த்தது. வாசலில் கார் வந்து நின்றது. புருஷன் இறங்கினான், கூடத்தில் இருந்த பெட்டியை எடுத்தான். அங்கே படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது.

பார்த்தியாக்கா, இவ்வளவு காசு வாங்கிட்டு எப்படி ஏமாத்துறாங்க என்று நான் தொடங்கினேன். கம்பெனிக்காரனை விடப் போவதில்லை, நாளைக்கே போன் போடுகிறேன் என்று பொரிந்து தள்ளினேன். எனக்கே என் நடிப்பு அதிகப்படியாகத் தெரிந்தது. அக்கா எழுந்து போய் வட்டை வெளியே எடுத்தாள். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அன்னைக்கு நீச்சல். இன்னைக்கு உப்புத்தாளா?"

என்னக்கா சொல்றே என்று கேட்டேன்.

"நீ போட்டுக் குடுத்த கண்ணாடிதான்டி. நல்லாவே தெரியுது. உட்காரு."

உட்கார்ந்தேன். அவள் உட்காரவில்லை. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, எக்ஸ்சேஞ்சில் பேசிப் பழகிய அந்தக் குரலில், ஏற்றம் இறக்கம் இல்லாமல் சொன்னாள். அன்றைக்குச் சாயங்காலம் அம்மா வார்டில் அப்பா பக்கத்தில் இருந்தாளாம். அக்கா கீழே, ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தில். அங்கே சுவரில் ஒரு டிவி. நோயாளிகளோடு வந்தவர்கள், இரண்டு நர்ஸ், வாசல் காவலாளி, எல்லோரும் நின்றுகொண்டு அந்தக் கடைசி எபிசோடைத்தான் பார்த்தார்களாம். இவளும் பார்த்தாளாம். முழுக்க.

நான் துவாலையை மறுபடி பிரித்தேன்.

"புருஷன் பெட்டியைத் தூக்குறான். வீட்ல ஒருத்தரும் வாயைத் திறக்கலை. அந்தக் கடைசித் தங்கச்சி போய் அவன் கையிலேர்ந்து பெட்டியைப் பிடுங்கி உள்ள கொண்டு வைப்பா. ஞாபகம் இருக்கா உனக்கு? நான் அந்த ஹால்ல அத்தனை பேர் முன்னாடியும் நின்னு அழுதேன். உன்னை நினைச்சுத்தான் அழுதேன்."

எனக்கு ஞாபகம் இல்லாமலா? இத்தனை வருஷம் நான் யாரிடமும், என்னிடமேகூட, சொல்லாமல் வைத்திருந்தது அந்தக் காட்சியைத்தான்.

பந்தயத்தில் ஜெயித்துவிட்டுத்தான் அவள் காலையில் வீட்டுக்கு வந்திருக்கிறாள். ராத்திரி முழுக்க அம்மாவிடம் அவள் மூச்சு விடவில்லை. அது என் வாயால் வர வேண்டும், அம்மா அதை என் வாயால் கேட்க வேண்டும், தங்கச்சி அக்கா பக்கம் நிற்கிறாள் என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டாளாம். அதற்காகத்தான் செருப்பைக் கழற்றாமல் கேட்டாள். நான் போயிட்டா என்றேன். தூக்கக் கலக்கத்தில் தனக்குத்தான் காது சரியில்லையோ என்று நினைத்தாளாம். டேப்பைப் போட்டால் அம்மாவே பார்த்துத் தெரிந்துகொள்வாள் என்று படுத்தாளாம். எழுந்து போட்டால் தொப்பிக்காரர்கள் குதித்தார்கள்.

"ஏன்க்கா சொல்லலை? ஆஸ்பத்திரியில பார்த்தேன்னு ஒரு வார்த்தை அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லி? அம்மா வேண்டாம்னு சொன்னா சண்டை போட்டு இருக்கலாம். கூடப் படுத்துத் தூங்குறவளே நான் போகணும்னு நினைக்கிறா. அப்புறம் இங்க நான் யாரோட இருக்கிறது?" ஜன்னலிலிருந்து கையை எடுத்தாள். "நாலாம் நாள் என் பெட்டியைத் தூக்கிட்டு வந்து வண்டியில வைச்சது நீதான்."

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. பையன் பேரை மட்டும் இதுக்குள்ள இழுக்காதே, அவன் என் பாடு என்றாள்.

அப்புறம்தான் அழுகை வந்தது. மன்னிச்சிடுக்கா என்று அவள் காலைப் பிடிக்கப் போனேன். அவள் காலை நகர்த்திக்கொண்டாள். இந்த டிஸ்க் பெட்டியைப் பையன் அனுப்பவில்லை, அவளே பென்ஷன் பணத்தில் வாங்கினாள் என்றும் அப்போதுதான் சொன்னாள். ஐம்பத்திரண்டு எபிசோட், இருபத்தாறு சாயங்காலம், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் ஏதாவது ஒரு நாள் நானாகவே சொல்லிவிடுவேன் என்று காத்திருந்தாளாம். நான் டீ போட எழுந்து போகிறபோதெல்லாம், திரும்பி வந்து சொல்லுவேன் என்று நினைப்பாளாம். நேற்று கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நான் வேலைக்குப் போனபோதுதான் அந்த எண்ணம் விட்டுப்போனதாம்.

நான் எழுந்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "போயிடப் போறியாக்கா?"

அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். முகத்தில் அழுகை இல்லை. கோபம்தான் இருந்தது, பச்சையாக, அந்தப் பொய்யை நேற்றுத்தான் கேட்டவள் படுகிற கோபம்.

"எங்க போறது? இது எங்க அப்பா வீடு. உன்கிட்ட கேட்டுட்டா வந்தேன்? சாகிற வரைக்கும் இங்கதான் இருப்பேன், தினமும் என் மூஞ்சியில முழிச்சுக்கிட்டு இரு. நாளைக்கு உன் காசுல புதுசா ஒரு செட் வாங்கிட்டு வா. முதல்லேர்ந்து பார்ப்போம். ஐம்பத்திரண்டும். உன் வீட்டுக்காரரும் பக்கத்துல உட்காரட்டும். டேப்பை எப்படி அழிச்சேன்னு அவர்கிட்ட நீயே சொல்லு. இனிமே இந்த வீட்ல யாரும் உன்னை நீச்சல்னு கூப்பிடக் கூடாது."

பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் முதலாளிக்குப் போன் போட்டு மறுநாள் அரை நாள் லீவு சொன்னேன்.